மூலையில் தூண் இல்லாத வேலி: ஓட்டோகாட்டில் புள்ளி வைப்பதும் சமமாகப் பிரிப்பதும்

விசுவமடுப் பக்கம் அரை ஏக்கர் காணி ஒன்று. சுற்றிவரக் கொங்கிரீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடிக்க வேண்டும். தூணுக்குத் தூண் எட்டடிக்கு மேல் போகக்கூடாது. எத்தனை தூண், எந்தெந்த இடத்தில் என்று படம் கீறித் தரச் சொன்னார்கள். நான் படவேலைக்கு வந்து அப்போது மூன்றாவது மாதம். அரை மணித்தியாலத்தில் கீறி அச்சடித்துக் கொடுத்துவிட்டு, என்னையே நான் மெச்சிக்கொண்டு இருந்தேன். இரண்டு நாள் கழித்துக் காணியிலிருந்து மேசன் அண்ணை போன் எடுத்தார். "தம்பி, மூலையில தூண் போடேல்லையே. கம்பியை எதில இழுத்துக் கட்டுறது?"

எங்கே பிழைத்தேன் என்பது கீழே வருகிறது. கோடு, பொலிலைன் (பல துண்டு சேர்ந்து ஒரே பொருளாக நிற்கும் கோடு), வட்டம் கீறத் தெரிந்து, இப்போதுதான் ஏதாவது ஒரு படக் கந்தோரில் அல்லது ஒப்பந்தகாரரிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். என் கையில் இருப்பது ஓட்டோகாட் என்ற படம் கீறும் மென்பொருள். பிரிக்ஸ்காட், இசட்டபிள்யூகாட் பாவிப்பவர்களும் பெரும்பாலும் இதே கட்டளைப் பெயர்களைத் தட்டலாம். சாளரங்களின் தோற்றம் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் புள்ளி தெரிய வேண்டும்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. கோட்டைச் சமமாகப் பிரித்துப் புள்ளி வைக்கும் டிவைட் கட்டளையைக் கொடுப்பார்கள், கோட்டைத் தொடுவார்கள், எண்ணை அடித்து என்ரர் தட்டுவார்கள். திரையில் ஒன்றும் நடக்காது. வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை, பிறகு இன்னொரு தடவை. உண்மையில் மூன்று தடவையும் புள்ளிகள் விழுந்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக. புள்ளியின் இயல்பான உருவம் ஒரு சின்னப் பொட்டு. அது கோட்டின் மேல் இருக்கும்போது கண்ணுக்குப் படாது.

ஆகவே வேறு எதையும் தொடும் முன், கட்டளை வரியில் பீடைப் (PTYPE) என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பழைய பதிப்பு என்றால் டிடிபீடைப் (DDPTYPE). இருபது குட்டிப் படங்கள் உள்ள ஒரு சாளரம் திறக்கும். வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டது ஒன்று இருக்கும். நான் எப்போதும் அதைத்தான் எடுப்பேன், கோட்டின் மேல் பளிச்சென்று தெரியும். சாளரம் திறக்கப் பஞ்சியாக இருந்தால் பீடிமோட் (PDMODE) என்று தட்டி 35 கொடுங்கள், அதே உருவம் வரும். 3 என்பது பெருக்கல் குறி, 32 என்பது சுற்றிவர ஒரு வட்டம், இரண்டையும் கூட்டினால் 35. வட்டத்துக்குப் பதில் சதுரம் வேண்டுமென்றால் 32க்குப் பதில் 64.

அதே சாளரத்தின் கீழே அளவு கேட்கும். திரைக்கு ஏற்றபடி இருக்கட்டும் என்று விட்டால், பெருப்பித்தாலும் சிறுப்பித்தாலும் புள்ளி ஏறத்தாழ ஒரே பருமனில் தெரியும். ஆனால் உடனே மாறாது. ஆர்-ஈ தட்டி என்ரர் கொடுத்தால்தான் படம் புதுப்பிக்கப்பட்டுச் சரியான அளவுக்கு வரும். வேலை செய்யும்போது இது வசதி. அச்சடிக்கும் படத்தில் புள்ளியும் வரவேண்டும் என்றால் நிலையான அளவைத் தெரிவு செய்யுங்கள். மீற்றரில் கீறிய காணிப் படத்துக்கு நான் 0.3 கொடுப்பேன். அச்சில் புள்ளியே வரக்கூடாது என்றால், கடைசியில் பீடிமோட்டை 1 ஆக்கிவிடுங்கள். எல்லாப் புள்ளியும் மறையும், ஆனால் இருக்கும். ஒன்றை மனதில் வையுங்கள்: இந்த உருவமும் அளவும் அந்தப் படத்தில் உள்ள எல்லாப் புள்ளிக்கும் பொது. ஒன்றுக்கு ஒரு விதம், மற்றதற்கு வேறு விதம் என்று வைக்க முடியாது.

இன்னொரு வேலையும் இப்போதே முடித்துவிடுங்கள். கேர்சர் எதை எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்னாப் அமைப்பில், புள்ளிக்குரிய நோட் என்பதைப் பெரும்பாலும் யாரும் இயக்கி வைத்திருக்க மாட்டார்கள், தானாகவும் இயங்கியிருக்காது. அது இல்லாமல் கேர்சர் புள்ளியைப் பிடிக்காது. புள்ளியை வைத்துவிட்டு அதைப் பிடிக்க முடியாவிட்டால் என்ன பிரயோசனம்? நோட்டுக்குச் சரி அடையாளம் போட்டுவிடுங்கள்.

கையால் புள்ளி வைப்பது

பொயின்ற் கட்டளைக்குச் சுருக்கம் பி-ஓ. தட்டி, இடத்தைத் தொட்டால் ஒரு புள்ளி, அத்தோடு கட்டளை முடியும். தொடர்ந்து வைக்க வேண்டுமென்றால் ஹோம் பட்டையில் வரைதல் பகுதியை விரித்து, பல புள்ளிகளுக்கான பொத்தானை அழுத்துங்கள். எஸ்கேப் தட்டும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

நில அளவையாளர் ஒரு எக்செல் பட்டியல் தந்து, எல்லைக்கல்லை எல்லாம் படத்தில் போடு என்று சொல்லும் நாள் வரும். ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். எக்செல்லில் ஒரு புதிய நிரலில் கிழக்கு எண், காற்புள்ளி, வடக்கு எண் என்று ஒன்றாக ஒட்டிவிடுங்கள். நடுவில் வெற்றிடம் வரவே கூடாது. ஓட்டோகாட்டுக்கு வெற்றிடம் என்றால் என்ரர். பிறகு எஃப்3 தட்டி ஸ்னாப்பை நிறுத்தி, பல புள்ளிகள் கட்டளையைத் தொடக்கி, அந்த நிரலை அப்படியே பிரதி எடுத்துக் கட்டளை வரியில் ஒட்டினால் இருநூறு கல்லும் ஒரு நொடியில் விழும்.

விழுந்த கையோடு திரை வெறுமையாக இருக்கும், பயப்படாதீர்கள். இலங்கையின் 1999 ஆள்கூற்று முறையில் பிதுருதலாகல மலைக்கு 5,00,000, 5,00,000 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கிளிநொச்சி நகரை அண்டிய ஒரு கல்லுக்குக் கிழக்கு எண் 4,50,000க்கு மேலும், வடக்கு எண் 7,60,000க்கு மேலும் வரும். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பூச்சியத்துக்குப் பக்கத்தில். புள்ளி எழுநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் கிடக்கிறது. ஸெட் தட்டி என்ரர், ஈ தட்டி என்ரர் கொடுத்தால் படம் அங்கே போகும். போன பிறகும் ஒரு மூலையில் சின்னப் புள்ளிக் கூட்டம், எதிர் மூலையில் ஒற்றைப் புள்ளி என்று தெரிந்தால், எக்செல்லில் ஒரு வெறும் வரி பூச்சியம் பூச்சியமாக வந்திருக்கிறது. அதை அழித்துவிடுங்கள். வடக்கு எண்ணை முன்னுக்குப் போட்டவர்களுக்குக் காணி புரண்டு போயிருக்கும். கிழக்கு முன்னுக்கு, வடக்கு பின்னுக்கு.

எண்ணிக்கையா, இடைவெளியா?

சமமாகப் பிரிக்க இரண்டு கட்டளைகள் உண்டு. எதை எடுப்பது என்பது ஒரே ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: மாறக்கூடாதது எது? துண்டுகளின் எண்ணிக்கை முடிவாகி, எல்லா இடைவெளியும் ஒன்றுபோல வரவேண்டும் என்றால் டிவைட். இடைவெளி முடிவாகி, கடைசியில் மிச்சம் வந்தாலும் பரவாயில்லை என்றால் மெஷர். விறாந்தைக்கு ஐந்து தூண் வடிவாக நிற்க வேண்டும், அது டிவைட். வாய்க்கால் வழியே 20 மீற்றருக்கு ஒரு இடத்தில் மட்டம் எடுக்க வேண்டும், அது மெஷர்.

வேலி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சாமான். எட்டடிக்கு மேல் போகக்கூடாது என்பது உச்ச இடைவெளி. சரியாக எட்டடி என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நீளத்தை எட்டடியால் வகுத்து, வரும் விடையை எப்போதும் மேல் நோக்கி முழு எண்ணாக்கி, அந்த எண்ணை டிவைட்டுக்குக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது. பிழை வேறு இடத்தில்.

டிவைட்: வேலியைப் பக்கம் பக்கமாக

அந்தக் காணியின் பக்கங்கள் 52.40, 38.60, 51.75, 39.25 மீற்றர். கூட்டினால் 182 மீற்றர். எட்டடி என்பது 2.4384 மீற்றர். 182ஐ அதால் வகுத்தால் 74.6, ஆகவே 75. எல்லை ஒரே மூடிய பொலிலைனாக இருந்தது. டி-ஐ-வி தட்டினேன், எல்லையைத் தொட்டேன், 75 கொடுத்தேன், முடிந்தது. ஒவ்வொரு இடைவெளியும் 2.427 மீற்றர், ஒரு மயிரிழை பிசகாது.

பிசகு எங்கே என்றால், டிவைட் பொலிலைனின் மொத்த நீளத்தை ஒரு கயிறு போல நினைத்து வெட்டுகிறது. கயிறு எங்கே மடிகிறது என்பது அதற்குக் கவலை இல்லை. இரண்டாவது மூலை 52.40 மீற்றரில் வருகிறது, புள்ளிகளோ 50.96இலும் 53.39இலும் விழுந்தன. மூன்றாவது மூலை 91 மீற்றரில். அது இரண்டு புள்ளிகளுக்குச் சரி நடுவில் மாட்டிக்கொண்டது. நாலாவது மூலையிலும் புள்ளி விழவில்லை. முள்ளுக்கம்பி வேலிக்கு மூலைத் தூணே உயிர். இரண்டு பக்கத்து இழுவையும் அதில்தான் வந்து நிற்கும், அதற்கு முட்டு வேறு கொடுப்பார்கள். அது இல்லாத படத்தை அண்ணை என்ன செய்ய முடியும்?

சரி, இப்போது செய்யும் முறை. எல்லைப் பொலிலைனை அப்படியே விட்டுவிடுங்கள், பரப்பளவு எடுக்க அது வேண்டும். அதே இடத்தில் ஒரு பிரதி எடுத்து வேறு லேயரில் போட்டு, அந்தப் பிரதியை எக்ஸ்புளோட் செய்யுங்கள். நான்கு தனிக் கோடுகள் கிடைக்கும். தூணுக்கென்று ஒரு லேயர் திறந்து அதை நடப்பு லேயர் ஆக்குங்கள். புள்ளிகள் நடப்பு லேயரில்தான் போய் விழும். பிறகு பொயின்ற் கட்டளையால், எண்ட்பொயின்ற் ஸ்னாப் பிடித்து, நான்கு மூலையிலும் முதலில் நான்கு புள்ளி. மூலையை முடித்துவிட்டுத்தான் நடுவுக்குப் போவது. கதியால் நடுகிறவர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

இனி ஒவ்வொரு பக்கமாக வகுத்துப் பார்த்தால், 52.40க்கு 21.5 வருகிறது, 22 துண்டு. 38.60க்கு 16. 51.75க்கு 21.2 வந்தாலும் 22தான். கீழே இறக்கினால் எட்டடியைத் தாண்டிவிடும். 39.25க்கு 17. டி-ஐ-வி தட்டுங்கள், கோட்டைத் தொடுங்கள், எண்ணைக் கொடுங்கள். முழு எண் மட்டும் எடுக்கும், 2 முதல் 32,767 வரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிவைட் கேட்பது எத்தனை துண்டு என்று. 22 துண்டு கேட்டால் புள்ளி 21தான் விழும், ஏனென்றால் கோட்டின் இரண்டு முனையிலும் அது புள்ளி வைக்காது. நமக்கு அது நல்லது, மூலையில் ஏற்கெனவே வைத்துவிட்டோம். நான்கு பக்கத்திலும் 21, 15, 21, 16; கூட்டினால் 73, மூலைத் தூண் 4, மொத்தம் 77. முன்பு 75 என்று கொடுத்த கணக்கைவிட இரண்டு தூண் கூட. மூலையில் தூண் நிற்க வேண்டும் என்றால் அந்த இரண்டு தூணின் செலவைத் தவிர்க்க வழியில்லை. படலை வைக்கும் பக்கத்தில் முதலில் படலையின் இரண்டு தூணையும் வைத்து, மிச்சக் கோட்டை இரண்டு துண்டாக்கித் தனித்தனியே பிரியுங்கள்.

புள்ளிகள் விழுந்த கையோடு அவற்றை ஒன்றாகப் பிடிக்கவும் ஒரு சுருக்க வழி உண்டு. நகர்த்தவோ அழிக்கவோ கட்டளை கொடுத்து, பொருளைத் தெரிவு செய்யச் சொல்லும்போது பி (P) என்று தட்டுங்கள். இப்போது வைத்த புள்ளிகள் மட்டும் பிடிபடும். பிழையான எண் கொடுத்துவிட்டால் இதுதான் கை கொடுக்கும். முன் சொன்னதுபோல் மூன்று தடவை அடுக்கி வைத்தவர்கள், கியூசெலக்ட் போட்டு அந்த லேயரில் உள்ள புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். 77க்குப் பதில் 223 என்று காட்டினால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு தடவை ஒழுங்காகச் செய்யுங்கள்.

டிவைட் என்ற பெயரைப் பார்த்துக் கோடு துண்டாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோடு முழுசாகவே இருக்கும். புள்ளிகள் அதன்மேல் வைத்த கற்கள் மாதிரி. கோட்டை நகர்த்தினால் கூட வராது, நீட்டினால் விலகியும் கொடுக்காது. எல்லை மாறினால் புள்ளியை அழித்து மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

மெஷர்: வாய்க்காலைத் துருசிலிருந்து

பெயர் ஏமாற்றும். நீளம் அளக்கும் கட்டளை என்று நினைத்து ஒரு தங்கை இதைத் தட்டி, ஒரு படம் முழுக்கப் புள்ளி விதைத்து வைத்திருந்தாள். ஹோம் பட்டையில் அதே பெயரில் இன்னொரு பொத்தான் இருப்பதும் குழப்பத்துக்குக் காரணம். அது உண்மையாகவே அளக்கிறது. நமக்கு வேண்டியதை எம்-ஈ என்று தட்டியே எடுங்கள்.

இரணைமடுக் குளத்தின் கீழ் 436 மீற்றர் நீளமான ஒரு வயல் வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோடு வளைந்து வளைந்து போகிறது. நேர்க்கோடும் வில்லுமாகத் தனித்தனித் துண்டுகளாக இருந்தால் முதலில் ஜொயின் கட்டளையால் ஒரே பொலிலைன் ஆக்குங்கள். மெஷரும் டிவைட்டும் ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் எடுக்கும். பிறகு எம்-ஈ, கோட்டைத் தொடுதல், 20, என்ரர். 20, 40, 60 என்று 420 மீற்றர் வரை 21 புள்ளி. கடைசியில் 16 மீற்றர் மிச்சம். தொடக்கத்தில் பூச்சியத்தில் புள்ளி வராது, அதைக் கையால் வையுங்கள். வாய்க்கால் முடிகிற இடத்திலும் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது, கோட்டை எங்கே தொடுகிறீர்கள் என்பது. தொட்ட இடத்துக்கு எந்த முனை கிட்டவோ அங்கிருந்துதான் அளவு தொடங்கும். துருசுப் பக்கம், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகுப் பக்கம், பூச்சியம் என்றால் துருசு முனைக்குக் கிட்டவே தொட வேண்டும். மறுமுனைக்குக் கிட்டத் தொட்டுவிட்டால் புள்ளிகள் துருசிலிருந்து 16, 36, 56 என்று போகும். படத்தைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, எல்லா இடைவெளியும் 20தான். மட்டம் எடுத்து வந்தவரின் கொப்பியோடு பொருத்தும்போதுதான் தலை சுற்றும். மூடிய பொலிலைனில் இந்தத் தெரிவும் இல்லை. முதலில் கீறிய முனையிலிருந்தே தொடங்கும்.

வேலியில் என்னைக் கவிழ்த்த அதே குணம் வாய்க்காலில் நமக்கு உதவி. வளைவோடு வளைவாக நீளத்தை அளந்து போவதுதான் இங்கே வேண்டியது. முடக்கில் புள்ளி விழாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

அலகை ஒருக்கால் பார்த்துவிட்டே எண்ணைத் தட்டுங்கள். நம்மிடம் காணிப் படம் மீற்றரில் வரும், மேசன்மார் அடியில் கதைப்பார்கள். மீற்றர்ப் படத்தில் எட்டு என்று தட்டினால் எட்டு மீற்றருக்கு ஒரு தூண் நிற்கும், யானை உள்ளே வந்து போகலாம்.

புள்ளிக்குப் பதில் தூணையே வைப்பது

இரண்டு கட்டளையும் எண் கேட்கும் இடத்தில், எண்ணுக்குப் பதிலாக பி (B) என்று தட்டினால் புளொக்கின், அதாவது ஒரே பொருளாக்கிப் பெயரிட்டு வைத்த உருவத்தின், பெயர் கேட்கும். 10 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றைத் தூண் என்று புளொக் ஆக்கி, செருகும் இடத்தைச் சதுரத்தின் நடுவில் வைத்திருந்தால், புள்ளிக்குப் பதிலாகத் தூணே வரிசையாக நிற்கும். கோட்டின் திசைக்குத் திருப்பவா என்று கேட்கும், ஆம் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் சரிந்த எல்லையில் தூண்கள் எல்லாம் எல்லையைப் பாராமல் வேறு பக்கம் பார்த்தபடி நிற்கும். புளொக் அந்தப் படத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

தென்னம்பிள்ளை வைக்கும் படத்துக்கு இந்த இரண்டையும் பாவிக்காதீர்கள். பளைப் பக்கம் தென்னந்தோட்டக்காரர் 26 அடிக்கு 26 அடி என்று கேட்பார். ஏக்கருக்கு 64 மரம் வரும் கணக்கு அது. வரிசையும் நிரலுமாக வருவதை அரே கட்டளை ஒரே தடவையில் போட்டுவிடும். எல்லையை 13 அடி உள்ளே ஓஃப்செட் செய்து, அந்த மூலையிலிருந்து தொடங்கினால் போதும்.

படத்திலிருந்து காணிக்கு

மேசன் அண்ணைக்குப் புள்ளி போட்ட படத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் வேலை பாதியில் நிற்கும். 52.40 மீற்றர்ப் பக்கத்தில் ஒரு இடைவெளி 2.382 மீற்றர், அடியில் சொன்னால் 7 அடி 9¾ அங்குலமும் கொஞ்சமும். அதை அவர் 7 அடி 10 என்று எடுத்து, ஒவ்வொரு தூணாக ரேப் பிடித்துப் போனால், கடைசி இடைவெளி மற்றவற்றைவிட ஐந்து அங்குலம் குறைந்து நிற்கும். அதனால் நான் படத்தின் ஓரத்தில் பக்கத்துக்கொரு அட்டவணை போட்டு, மூலையிலிருந்து கூட்டிய தூரத்தை எழுதுகிறேன்: 2.38, 4.76, 7.15, 9.53, 11.91 என்று கடைசித் தூண் வரை. ரேப்பின் நுனியை மூலைத் தூணில் பிடித்து, முப்பது மீற்றரை ஒரே இழுவையாக இழுத்து வைத்து, அட்டவணையைப் பார்த்து ஆணி அடித்துக்கொண்டே போகலாம். ரேப் முடிகிற இடத்தில் அடித்த ஆணியிலிருந்து மறுபடி தொடர்வதைவிட, எதிர் மூலையிலிருந்து திரும்பி வருவது நல்லது. இந்தக் காணியில் ஒரு பக்கமும் அறுபது மீற்றருக்கு மேல் இல்லை, இரண்டு பக்கத்து ஆணிகளும் நடுவில் வந்து சந்திக்கும். சந்திக்கும் இடத்து இடைவெளி 2.38 இல்லாமல் வேறு ஏதாவது வந்தால், எல்லைக்கல் அசைந்திருக்கிறது, அல்லது படத்தில் அந்தப் பக்கத்தின் நீளம் பிழை. தூண் குழி வெட்டும் முன் எனக்குப் போன் எடுக்கச் சொல்லி, அட்டவணையின் அடியிலேயே எழுதிவிடுவேன்.